கதவுக்குக் கீழே ஒரு விரல் இடுக்கு: கொல்லிமலைக் குதிரிலிருந்து ஷட்டர் ரப்பர் வரை

வண்டி ஷெட்டின் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு உள்ளே நின்று பார்த்தால் கீழே ஒரு வெளிச்சக் கோடு தெரியும். இந்தக் குறிப்பு அந்தக் கோட்டைப் பற்றியது. கேட்க அற்பமான விஷயம்தான். ஆனால் ஒரு சுண்டெலி உள்ளே நுழைய 6 மி.மீ. இடுக்கு போதும். பெரிய எலிக்கு 12 மி.மீ. சாரலுக்கும் ஈரக்காற்றுக்கும் அதுகூட வேண்டாம். ஆக, அந்த வெளிச்சக் கோடு எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தே உள்ளே வைத்த மூட்டை அடுத்த வருஷம் வரை நிற்குமா நிற்காதா என்பது முடிவாகிறது.

இன்று அந்த இடுக்கை அடைக்க ரப்பர் பட்டை வந்துவிட்டது. கடையில் ரப்பர் பீடிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதை எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் பின்னால் வருகிறது. அதற்கு முன் ஒரு கேள்வி. ரப்பர் வருவதற்கு முன்னால், கொல்லிமலை மாதிரி மழையும் பனிமூட்டமும் உள்ள ஊரில், இதே வேலையை எது செய்தது? அதைத் தேடிப் போனால், நாம் எதைத் தொலைத்தோம் என்பதற்கும் சேர்த்து விடை கிடைக்கிறது.

மலையின் ஈரம்

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது; 1997 வரை சேலம் மாவட்டம். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே. ஊர்களும் வயல்களும் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில். வல்வில் ஓரியின் மலை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். மலையாளிகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்) இங்கே சாமை, கேழ்வரகு, தினை, பனிவரகு என்று பல தானியங்களைப் போட்டு வந்தார்கள்.

விளைவிப்பது ஒரு பாதி. மறு பாதி, விளைந்ததை அடுத்த மழை வரைக்கும் காப்பாற்றுவது. தானியம் சும்மா கிடக்கிற பொருள் இல்லை. சுற்றியிருக்கும் காற்றில் ஈரம் கூடினால் அதுவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். நன்றாகக் காய்ந்து 12 சதவீத ஈரத்தோடு உள்ளே போன தானியம்கூட, பனிமூட்டம் இறங்குகிற வீட்டில் திறந்து கிடந்தால் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். பற்றாததற்கு வண்டு, அந்துப்பூச்சி, எலி.

அதனால் மலையில் தானியத்தைத் தரையில் வைப்பதில்லை. தூக்கிக் கட்டி மண் பூசிய தொம்பரை, மண் குதிர், ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்குப்பானை, விதைக்கு மட்டும் காய்ந்த சுரைக்குடுவை. அளவுக்கும் தேவைக்கும் தகுந்தபடி வெவ்வேறு பாத்திரம், வெவ்வேறு அறை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வாய்ப்பக்கத்தை மூடி, மூடியைச் சுற்றி இருக்கும் இடுக்கில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசுவார்கள். அந்தப் பூச்சுதான் அந்தக் காலத்து சீல்.

உடைத்தால்தான் திறக்கும்

மண்ணும் சாணியும் ஏழைகளின் வழியில்லாத வழி என்று நினைக்க வேண்டாம். அதன் வேலையைப் பிரித்துப் பார்த்தால் அதில் நல்ல கணக்கு இருக்கிறது.

வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். வெடிப்பு விழுந்தால் சீல் போட்டதே வீண். சாணியில் இருக்கும் செரிக்காத நார் அந்த வெடிப்பைக் குறைக்கிறது. உமியும் வைக்கோல் தூளும் சேர்ப்பதும் இதற்காகத்தான். மண் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதனால் உள்ளே ஈரம் சட்டென்று ஏறி இறங்காது. இன்னொரு பக்கம், நன்றாக அடைத்த குதிருக்குள் தானியமும் பூச்சியும் சுவாசிக்கச் சுவாசிக்க ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு கூடுகிறது. இறுக்கம் போதுமான அளவு இருந்தால் பூச்சி பெருகாது. மண்பூச்சில் முழு இறுக்கம் வராதுதான். அந்தக் குறையை ஈடுகட்ட வேப்பிலை, நொச்சி இலை, சாம்பல்.

தானியத்தின் பங்கும் உண்டு. சாமையைக் குத்தாமல் உமியோடு வைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும். குத்திய அரிசியாக வைத்தால் சீக்கிரம் காறல் அடிக்கும். கேழ்வரகு இன்னும் உறுதி. மணி சின்னது, நெருக்கமாக அமர்ந்துவிடும், நடுவில் காற்றுக்கே இடம் குறைவு. பஞ்சத்துக்குச் சேமிக்கிற தானியம் என்று அதற்குப் பெயர் வந்தது சும்மா இல்லை.

இந்த மண் சீலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதை உடைக்காமல் திறக்க முடியாது. திறந்தால் மறுபடி பூசித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு அறுவடைக்கும் புதுச் சாந்து, புதுப் பூச்சு. பூசும்போதே கை குதிரைச் சுற்றி வருகிறது. எங்கே விரிசல், எங்கே எலி சுரண்டியிருக்கிறது, எங்கே ஈரம் ஏறியிருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். பராமரிப்பு என்று தனியாக ஒரு வேலை இல்லை. பயன்படுத்துவதிலேயே அது அடங்கியிருந்தது.

சமவெளியில் இருந்து இரண்டு சாட்சி

மலையில் மட்டும் இல்லை, சமவெளியிலும் இந்த அறிவு பழையது. பெரும்பாணாற்றுப்படையில் ஏணி வைத்தும் எட்டாத உயரத்து நெற்கூடுகள் வருகின்றன. முகட்டைத் திறந்து மேலிருந்து கொட்டுகிற அமைப்பு. பின்னாள் குதிரிலும் அதே முறைதான். மேலே கொட்டும் வாய், அடியில் எடுக்கும் சின்னத் துளை. அடித்துளையைத் துணியால் அடைத்து வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் சரிய விடுவார்கள். மேல்வாயின் பூச்சை உடைக்க வேண்டியதில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கடன்காரனிடம் பையன் உளறிய பழமொழி எல்லாருக்கும் தெரியும். ஓர் ஆள் ஒளிகிற அளவு பெரிய பாத்திரத்துக்கு, தானியம் எடுக்கக் கை நுழைகிற அளவுதான் வாசல். இதுதான் அந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம்: எவ்வளவு சின்ன வாசலோ, அவ்வளவு குறைந்த இடுக்கு.

இதற்கு நேர் எதிரான சாட்சி பாட்னாவில் நிற்கிறது. 1770ல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் அழித்த பிறகு, கம்பெனி அரசு கட்டிய தானியக் களஞ்சியம் கோல்கர். ஜான் கார்ஸ்டின் என்ற பொறியாளர் கட்டி 1786ல் முடித்தார். சுமார் 29 மீட்டர் உயரம், அடியில் சுவர் மட்டும் 3 மீட்டருக்கு மேல் தடிமன். வெளிப்புறம் சுற்றிப் படிகள், உச்சியில் கொட்டும் துளை. எல்லாம் பிரமாண்டம். ஆனால் அடியில் வைத்த கதவுகள் உள்பக்கமாகத் திறப்பவை, முழுக்க நிரப்பினால் கதவையே திறக்க முடியாது என்று இன்றுவரை அந்த ஊரில் சொல்வார்கள். அந்தக் கதை எப்படியோ போகட்டும், அந்தக் களஞ்சியம் ஒருமுறைகூட முழுதாக நிரம்பவில்லை. சுவருக்குச் செலவழித்த யோசனையில் பத்தில் ஒரு பங்கை வாசலுக்குச் செலவழிப்பவர்கள் குறைவு. இது 1786க்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை.

ரப்பர் வந்த வழி

இப்போது மண்ணிலிருந்து ரப்பருக்கு வருவோம். மரத்துப் பாலைக் காய்ச்சி எடுத்த பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கதவுக்கு ஆகாது. 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் நிலைப்படும் என்று கண்டார். அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழையபடி நிமிர்கிற குணம் அப்போதுதான் நம்பத் தகுந்ததாக ஆனது. சீல் என்பதற்கு வேண்டியது அந்தக் குணம் ஒன்றுதான்.

1876ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி அதே வருஷம் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஹெனரத்கொட தோட்டத்தில் வளர்ந்தது. பிறகு மலாயா. கேரளத்தில் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902ல் ரப்பர் தோட்டம் வந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்கள் யார்? திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, சேலம் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி முறையில் கப்பல் ஏறிய தமிழர்கள். கொல்லிமலை அன்றைக்குச் சேலம் மாவட்டம் என்பதை நினைவில் வையுங்கள். மலைக்குக் கீழே உள்ள ஊர்க்காரர்கள் கடல் தாண்டி வெட்டிய பால், உலகத்தின் கார் சக்கரமாகவும் கதவுப் பட்டையாகவும் ஆனது.

கார் வந்ததும் காருக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. மேலே தூக்கித் திறக்கும் கராஜ் கதவை 1921ல் சி. ஜி. ஜான்சன் அமெரிக்காவில் உருவாக்கினார். சாதாரணக் கதவுக்கு வாசற்படி உண்டு, படியில் மோதி நிற்கும். வண்டி ஏறும் கதவுக்குப் படி வைக்க முடியாது. சமதரையில் வந்து உட்கார வேண்டும், தரையோ ஒருபோதும் சமமாக இருக்காது. அந்தக் குறையை நிரப்பத்தான் அடியில் மெத்தென்ற பட்டை அவசியமானது.

இயற்கை ரப்பருக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அந்த இடத்தைத்தான் தாக்கும். மேலே வெடிப்பு விழுந்து பட்டை பட்டையாக உரியும். 1930களில் வந்த நியோபிரீன் இதைக் கொஞ்சம் தாங்கியது. 1960களில் வந்த ஈ.பி.டி.எம். ரப்பரில் முதுகெலும்புச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பே இல்லை. அதனால் வெயிலிலும் மழையிலும் பல வருஷம் நிற்கிறது. விலை குறைந்த பி.வி.சி. பட்டையும் கிடைக்கிறது, ஆனால் குளிரில் அது விறைத்துவிடும். மார்கழிக் குளிர் உள்ள மலைக்கு ஈ.பி.டி.எம். கேட்டு வாங்குவதுதான் புத்தி.

குதிர் போன கதை

ரப்பர் வந்து மண் சீலைத் துரத்திவிட்டது என்று எழுதினால் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் கொல்லிமலையில் நடந்தது அது இல்லை. சீலை ஒழித்தது மரவள்ளிக்கிழங்கு.

சேலம் பக்கத்தில் ஜவ்வரிசித் தொழில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கி வளர்ந்தது. 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. மலைக்கு ரோடு வந்து லாரி ஏறியதும், 1970களிலிருந்து சாமையும் கேழ்வரகும் இருந்த நிலத்தில் மரவள்ளி பரவியது. கையில் காசு கிடைத்தது. யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் மரவள்ளியின் சுபாவத்தைக் கவனியுங்கள். பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். அதனால் அதைச் சேமித்து வைக்கவே முடியாது, நேராக லாரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டியதுதான். நடவுக்கும் விதை தேவையில்லை, குச்சியை நட்டால் போதும். தானியத்துக்குக் குதிர் வேண்டும், குதிருக்குப் பூச்சு வேண்டும், பூச்சுக்கு ஆள் வேண்டும். கிழங்குக்கு இதில் ஒன்றும் வேண்டாம். சேமிப்பறையில் வைக்க ஒன்றும் இல்லாமல் போனபோது, அதைப் பூசுகிற கையும் வேறு வேலைக்குப் போனது.

இதில் போனது ஒரு பழக்கம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். போனது விதை. ஒரு சாமை ரகம் ஒரு வீட்டின் சுரைக்குடுவையில்தான் உயிரோடு இருக்கிறது. அந்த வருஷம் விதைக்கவில்லை, குடுவையின் வாயையும் யாரும் சரியாக அடைக்கவில்லை என்றால், அடுத்த வருஷம் விதைக்க நினைத்தாலும் முளைக்காது. பக்கத்து வீட்டிலும் அதே கதை என்றால் அந்த ரகம் அந்த ஊரை விட்டே போய்விட்டது என்று அர்த்தம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் செய்த வேலையில், ஊர் விதை வங்கிகளை உண்டாக்குவது ஒரு முக்கியமான பகுதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். சிறுதானியம் குத்த மெஷின் வைத்துக் கொடுத்ததும் அதோடு சேர்ந்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். கொண்டாட்டம் வரைக்கும் அந்த ரகங்களில் சில தாக்குப்பிடித்தன என்றால், யாரோ சிலர் யாரும் கேட்காத வருஷங்களிலும் குடுவையின் வாயைப் பூசி வைத்ததால்தான்.

இன்றைய ஷெட்டுக்கு

இன்று மலையில் ஷெட் கட்டுகிறவர்கள் உள்ளே வண்டி மட்டும் வைப்பதில்லை. மிளகு மூட்டை, காபி மூட்டை, விதை, உரம் எல்லாம் அங்கேதான். மிளகும் காபியும் ஈரத்தை இழுக்கிற சரக்கு. ஆக, பழைய குதிரின் வேலை இப்போது ஷட்டரின் தலையில். செய்ய வேண்டியது அதிகமில்லை.

பகலில் ஷட்டரை மூடி, உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஓட்டை. பிறகு ஒரு தாளைப் பட்டைக்கு அடியில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் அந்த இடத்தில் பட்டை தரையைத் தொடவில்லை. ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். குழி நிமிராமல் அப்படியே நின்றால் அதன் காலம் முடிந்தது. வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலும் அப்படித்தான்.

நன்றாக இருக்கிற பட்டையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, ரப்பர் உப்பிப் போய்விடும். வேண்டுமானால் சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம். தரையில் கிடக்கும் ஜல்லியும் மண்ணும்தான் பட்டையைக் கிழிப்பவை, எனவே கதவுக்கடியைக் கூட்டி வைப்பதே பாதிப் பராமரிப்பு.

மாற்றும்போது பழைய பட்டையில் ஒரு துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். சேனலில் நுழைகிற விளிம்பின் வடிவம் பொருந்தாவிட்டால் புதுப் பட்டை உட்காராது. கதவின் அகலத்தைவிட ஒரு நாலு விரல் கூடுதலாக வாங்குவது நல்லது, ரப்பர் நாளாவட்டத்தில் கொஞ்சம் சுருங்கும். அலுமினிய சேனலைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு முனையிலிருந்து இழுத்து நுழைக்க வேண்டும். இரண்டு முனையையும் குறடால் லேசாக நசுக்கிவிட்டால் பட்டை நகராது. பக்கவாட்டு இடுக்குக்கு நைலான் பிரஷ் பட்டை கிடைக்கிறது. தரையில் பள்ளம் இருந்தால் பட்டையை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்தப் பள்ளத்தைச் சிமெண்டால் சரிசெய்ய வேண்டும். தரை வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தால் பட்டைக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. மழையில் நனைந்த வண்டியை உள்ளே விட்டு, எல்லா இடுக்கையும் இறுக்க அடைத்தால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கீழே அடைக்கிறவர் மேலே வலை போட்ட காற்றுத்துளை வைக்க வேண்டும். மூட்டைகள் கட்டைமேல்தான் இருக்க வேண்டும். குதிரில் காய்ந்ததை மட்டும் போட்டு அடைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எப்போது செய்வது? ஐப்பசி மழைக்கு முன்னால், வருஷத்துக்கு ஒருமுறை. ரப்பரின் பெரிய குறை என்று எனக்குத் தோன்றுவது அது கெடுவது அல்ல. கெட்டாலும் ஷட்டர் பாட்டுக்குத் திறக்கும், மூடும். மண்பூச்சு மாதிரி வருஷாவருஷம் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைக்காது. அதனால் எலிப்புழுக்கை கண்ணில் படுகிறவரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மண்பூச்சு முழுக்க ஒழிந்துவிடவும் இல்லை. இந்திய உணவுக் கழகம் 1965ல் தஞ்சாவூரில் தன் வேலையைத் தொடங்கியது. இன்றும் நம் நாட்டுக் கிடங்குகளில் மூட்டை அடுக்குக்குப் பூச்சிமருந்துப் புகை போடும்போது, பெரிய பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, விரிப்பின் விளிம்பு தரையைத் தொடுகிற இடத்தில் மணல் நிரப்பிய துணிக்குழாய்களை வைக்கிறார்கள். இல்லாவிட்டால் குழைத்த மண்ணைப் பூசி அடைக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்த மண்ணை உடைத்து எடுத்து, அடுத்த முறை புதிதாகப் பூசுகிறார்கள்.